பூவலிங்கமி குடியிருக்கும் இடம்

பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. வரவேற்புரை சொன்னவர், நான் செத்த பிறகு பேசவேண்டியதையெல்லாம் இப்போதே பேசி முடித்துவிட்டார். இனி என் முறை.

வகைப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தைச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். துடுப்பு முள்ளை எப்படி எண்ணுவது, புட்டிக்குள் என்ன ஊற்றினால் மீன் கெடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகம் படிக்கச் சோம்பல் என்றால் கைப்பேசியில் யாராவது காணொளி போட்டிருப்பார்கள். நான் ஒரு மீனைப் பற்றிச் சொல்கிறேன். அது குடியிருந்த இடத்தைப் பற்றியும், அந்த இடத்தைக் கேள்விப்பட்ட ஒரு பெரிய மனிதரைப் பற்றியும் சொல்கிறேன். இது தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

நம் வேலை உயிரினங்களுக்குப் பெயர் வைப்பது. என் மைத்துனர் இன்றுவரை, "மீனுக்குப் பேரு வைக்கக் கவர்மெண்டு சம்பளமா?" என்றுதான் கேட்கிறார். அவரிடம் விளக்கி விளக்கி நான் ஓய்வே பெற்றுவிட்டேன். இந்த வேலைக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம் இருக்கிறது. ஓர் உயிரினத்துக்கு முதலில் முறைப்படி வெளியிட்ட பெயர் எதுவோ, அதுதான் பெயர். அந்தப் பெயர் ஏதோ ஓர் அருங்காட்சியகத்துப் புட்டிக்குள் கிடக்கும் ஒரே ஓர் உடலோடு கட்டப்பட்டிருக்கும். பெயர் பிடிக்கவில்லை, அசிங்கமாக இருக்கிறது, ஜோதிடர் மாற்றச் சொன்னார் என்றெல்லாம் மாற்ற முடியாது. வைத்தவரே வந்து அழுதாலும் முடியாது.

பெரியவர்களின் பெயரை உயிரினங்களுக்கு வைத்துக் கௌரவிப்பதும் நம் வழக்கம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவரின் பெயரை, திருக்கையின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவுக்கு அவருடைய மாணவர் ஒருவர் வைத்தார். பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் புழுவைப் பெரிதாகப் படம் எடுத்து, சட்டம் போட்டு, கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார்கள். "நான்தான்" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பெரியவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

நம் ஆட்கள் இப்படித்தான். புழுவோ பூஞ்சையோ, பெயர் வைத்தால் மரியாதை. அது எங்கே குடியிருக்கிறது, என்ன தின்கிறது என்பதெல்லாம் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியுலகமும் நம்மைப் போலவே நினைக்கும் என்று நாங்கள் நம்பியதில்தான் வினை பிடித்தது.

புதுமடத்திலிருந்து நஸ்ரின் என்ற பெண் நம் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். வாப்பா துபாயில் வேலை. ஊரில் இவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, "முதல்ல கடல் அட்டையைப் பாத்துட்டு வாரேன், மாப்பிள்ளையை அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தவள். வாய் கொஞ்சம் அதிகம். கண் அதைவிடக் கூர்மை. வனத்துறை அனுமதி வாங்கி, கடல் அட்டைகளைத் தொட்டியில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

கடல் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளரிக்காய் அளவில் மணலில் சும்மா கிடக்கும். அது மூச்சு விடுவது பின்பக்கமாக. ஆசனவாயைத் திறந்து தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடும். ஆண்டவன் அப்படிப் படைத்துவிட்டான், நாம் என்ன செய்ய?

ஒரு நாள் காலையில் நான் அறைக்குள் நுழைந்து பையைக்கூட வைக்கவில்லை. தொட்டிப் பக்கத்திலிருந்து நஸ்ரின் கத்தினாள்.

"சார், இங்கன ஓடி வாங்க! அட்டைக்குள்ள இருந்து எவனோ எட்டிப் பாக்குறான்!"

போய்ப் பார்த்தேன். அட்டையின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னத் தலை வெளியே நீட்டி, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. பிறகு முழுசாக வெளியே வந்தது. விரல் நீளம், உடம்பு கண்ணாடி மாதிரி, செதில் கிடையாது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அட்டையின் பின்பக்கம் வந்து நின்றது. அட்டை மூச்சுக்காகத் திறக்கும் வரை பொறுத்திருந்து, வாலை முதலில் விட்டு, பின்பக்கமாகவே உள்ளே போய்விட்டது.

இப்படி அட்டைக்குள் குடியிருக்கும் மீன்கள் உலகில் பல இருக்கின்றன. ஆனால் இது அவற்றில் எதுவும் இல்லை என்று நஸ்ரினுக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தபின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பல்லைப் பார்த்தாள், துடுப்பைப் பார்த்தாள், பிற அருங்காட்சியகங்களுக்கு எழுதி ஒப்பிட்டாள். புது இனம்தான் என்று அவள் சொன்னபோது நானும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அந்தக் கண்டுபிடிப்புதான் அவள் ஆய்வேட்டில் முக்கியமான அத்தியாயம்.

"எங்க ஊருப் பேரை வைக்கப் போறேன் சார்" என்றாள். "உலகத்துல எவன் இந்த மீனைப் படிச்சாலும் புதுமடம்னு சொல்லித்தான் ஆகணும்."

அப்போதைய இயக்குநருக்கு வேறு யோசனை இருந்தது. அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பட்டுப்பூச்சி ஆராய்ச்சியில் இருந்து பதவி உயர்வில் கடலுக்கு வந்தவர். மீன் மாதிரிகள் அடைத்த புட்டிகள் இருந்த அறை மழைக்காலத்தில் ஒழுகும். அலமாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்போம். புதுக் கட்டடத்துக்கு ஒப்புதல் தந்தவர் ஒரு வாரியத் தலைவர். பெயர் பூவலிங்கம். பரமக்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள அரசியல்காரர். அடிக்கல் நாட்டு விழா மேடையில் உணர்ச்சிவசப்பட்ட இயக்குநர், "தலைவர் பெயரை ஒரு புது உயிரினத்துக்கே சூட்டப் போகிறோம்" என்று அறிவித்துவிட்டார். அறிவித்தபோது கையில் உயிரினம் எதுவும் இல்லை. இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மீனுக்குத் தலைவர் பேரு. முடிவாயிருச்சு."

"சார், அது எங்க இருக்குதுன்னு கேட்டீங்களா?"

"கடல்லதானே?"

"கடல்லதான். அட்டைக்குள்ள."

"அட்டைக்குள்ள எங்க?"

"பின்னால சார்."

இயக்குநர் மேசைமேல் இருந்த சங்கை எடுத்துத் திருப்பி வைத்தார். பிறகு, "அறிவியல்ல முன்னால என்ன, பின்னால என்ன?" என்றார். உண்மையில் அது நல்ல வாசகம். வேறு இடத்தில் சொல்லியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

நஸ்ரினிடம் சொன்னபோது அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் தொட்டிப் பக்கமே வரவில்லை. பிறகு வந்து, "மீன் என்னோடது சார். பேரு யாரோடதா இருந்தா என்ன? பேப்பர் வெளிவந்தாத்தான் ஆய்வேடு போகும். வச்சுத் தொலைங்க" என்றாள். பூவலிங்கம் என்ற பெயரின் கடைசியில் ஓர் 'இ' சேர்த்தால் லத்தீன். மீன் பூவலிங்கமி ஆனது. கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர்கள் பட்டியல் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளமாக இருந்தது. அதில் மீனை நேரில் பார்த்தவர்கள் நானும் அவளும் மட்டும்தான்.

பாராட்டு விழா ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் பிளெக்ஸ். அதில் விரல் நீள மீன் திமிங்கலம் போல் வளைந்து நிற்க, அதன் மேல் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர் தயாரித்த பத்திரிகைக் குறிப்பில், 'பாதுகாப்பான உறைவிடத்தில் வாழும் அரிய மீன்' என்று இருந்தது. பொய் இல்லை. அதைவிடப் பாதுகாப்பான உறைவிடம் எது?

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மாலைகள் விழுந்தன. பொன்னாடைகள் மலையாகக் குவிந்தன. கடைசியில் ஒரு நிருபர் எழுந்து, மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த நஸ்ரினிடம் கேட்டார்.

"இந்த மீனு எங்கன இருக்கும்மா? நம்ம சனங்க பாக்க முடியுமா?"

நஸ்ரின் நம் ஆள். நம் ஆட்களிடம் கேள்வி கேட்டால் பதில் வரும்.

"கடல் அட்டையோட ஆசனவாய்க்குள்ள இருக்கும் சார். வாலை முதல்ல விட்டு, பின்பக்கமாவே உள்ள போகும்."

மைக் நல்ல மைக். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கேட்டுவிட்டது. தலைவர் சிரித்த முகத்தோடு இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிருந்தது. இயக்குநர் எழுந்து தேசிய கீதம் பாடச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பரவிவிட்டது. பரமக்குடி பேருந்து நிலையத்தில், "தலைவர் எங்கப்பா?" என்று ஒருவன் கேட்பதும், "உள்ள இருக்காரு, தொறந்தா வருவாரு" என்று இன்னொருவன் சொல்வதும் வாடிக்கையானது. எதிர்க்கட்சிக்காரர்கள் பெருந்தன்மையாக வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டினார்கள். 'குடிபுகுந்த தலைவருக்கு நல்வாழ்த்துகள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதன் மேல் வழக்கு எப்படிப் போடுவது?

மறுநாளே இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"பேரை மாத்துங்க."

"முடியாது சார். சட்டத்துல இடம் இல்ல."

"வாபஸ் வாங்குங்க."

"வாபஸ்னு ஒண்ணு இதுல கிடையாது சார்."

"என்னய்யா இது, நாட்டுல முதலமைச்சரையே மாத்தலாம், ஒரு மீன் பேரை மாத்த முடியாதா?"

"முடியாது சார்."

ஆனால் ஒரே ஒரு வழி உண்டு. அதையும் யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு புது இனம் உண்மையில் புது இனமே இல்லை, ஏற்கெனவே பெயர் வைத்த ஒன்றுதான் என்று யாராவது நிறுவிவிட்டால் பழைய பெயர் நிலைக்கும். புதுப் பெயர் செத்துப்போகும். பூவலிங்கமி என்பது நமக்குத் தெரிந்த பழைய மீனின் குஞ்சுதான் என்று நான் ஒரு சின்னக் குறிப்பு எழுத வேண்டும். நஸ்ரினும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கண்டுபிடித்தவளே தப்பு என்று சொல்லிவிட்டால் உலகத்தில் எவனும் கேள்வி கேட்கமாட்டான் அல்லவா?

"உங்களுக்கு ஓய்வு வயசு வருது" என்றார் இயக்குநர். "அதுக்கப்புறமும் ஆலோசகரா இருக்கலாம். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, ஆய்வேட்டுல நான் இன்னும் கையெழுத்துப் போடலைன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேசையில் இருந்த சங்கை எடுத்து எறிந்திருப்பேன். அதுவும் பெயர் சீட்டு ஒட்டிய சங்கு என்பதால் விட்டுவிட்டேன். வெளியே வந்து நஸ்ரினிடம் சொன்னேன். அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு இயக்குநரை அவர் முன்னோர்கள் வரை திட்டினாள். "நான் ஏன் சார் பொய் சொல்லணும்? என் மீன் இல்லைன்னு நானே எழுதித் தரணுமா? அதுக்கு அந்த ஆய்வேட்டைக் கிழிச்சுக் கடல்ல போட்டுட்டுப் போறேன்" என்றாள்.

கவனமாகக் கேளுங்கள். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் அந்த மீன் புது இனமாக இருந்தே ஆகவேண்டும் என்ற வெறி பிடித்துவிட்டது. மேலே இருப்பவர் இல்லை என்கிறார், ஆகவே இருக்கிறது என்று நாங்கள். இதுவும் இயக்குநருக்கு இருந்த அதே வியாதிதான். மீனுக்கு இயக்குநர் மேல் கோபம் கிடையாது. நஸ்ரின் மேல் பாசமும் கிடையாது. அது புதுசென்றால் புதுசு, பழசென்றால் பழசு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், அதான் நாடாப்புழுவாக இருந்தவர், ஒன்று சொல்வார்: "பேரு வைக்கிறதுதான் நம்ம வேலை. அது இருக்கிறதும் இல்லாததும் நம்மளைக் கேட்டு நடக்கிறது இல்ல."

"திரும்பப் பாப்போம்" என்றேன் நஸ்ரினிடம். "நெசமாவே குஞ்சுதான்னு தெரிஞ்சா, அந்த ஆளு சொல்லாமலே நானே அந்தப் பேரை அழிச்சிடுவேன். நீயும் போடணும் கையெழுத்து."

அவளுக்குச் சுருக்கென்றது. என்னை முறைத்தாள். பிறகு, "சரி சார், பாப்போம். ஆனா நான் நல்லாப் பாப்பேன்" என்றாள்.

குஞ்சு வளரும்போது நிறம் மாறும், பல் மாறும். ஆனால் முதுகெலும்பில் எத்தனை கண்ணிகள் என்பது வயதுக்கு மாறாது. அதை எண்ண வேண்டும். எங்களிடம் இருந்த எக்ஸ்ரே இயந்திரம் ஒழுகிய மழையில் எப்போதோ செத்துவிட்டது. இயக்குநரிடம் கேட்கவும் முடியாது. நஸ்ரின் மீன்களை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனாள். நானும் போனேன். பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"பேஷண்ட் பேரு?"

"பூவலிங்கமி" என்றாள் நஸ்ரின்.

"வயசு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கோம்."

பல் டாக்டர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே எடுத்துக்கொடுத்தார். பழைய இனத்தின் குஞ்சுகளையும் எடுத்தோம், பெரியதையும் எடுத்தோம். படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவள் தனியாக எண்ணினாள், நான் தனியாக எண்ணினேன். ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்கவில்லை. பழைய மீனுக்கு, குஞ்சோ பெரியதோ, ஒரே எண்ணிக்கை. பூவலிங்கமிக்கு வேறு. எப்படி எண்ணினாலும் வேறு.

நஸ்ரின் அங்கேயே, பல் டாக்டர் வாசலில், "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்திவிட்டாள். பல்வலிக்காரர்கள் தங்கள் முறைதான் வந்துவிட்டது என்று எழுந்து நின்றார்கள்.

இனி என்ன செய்வது? இயக்குநரிடம் போனால் எலும்பை அவர் எண்ணப் போவதில்லை. "நேரா அந்தத் தலைவர்கிட்டயே போயிருவோம் சார். அவரு பேருதானே? அவருகிட்டயே கேட்டுருவோம்" என்றாள். எனக்கு அதில் இஷ்டம் இல்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

ராமநாதபுரத்தில் பயணியர் விடுதியில் தலைவர் இருந்தார். வெள்ளை வேட்டி, சட்டை. முகத்தில் பழைய களை இல்லை. அறையில் இருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். போகும்போது அவர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு போனதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"எதுக்குத்தா வந்திருக்கீங்க? இன்னும் என்ன பாக்கி இருக்கு?" என்றார். "என் பேத்தி பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. பிள்ளைக கேலி பண்ணுதாம். எனக்கு எதிரா வேலை செய்யிறவனுகூட இப்படிச் செஞ்சதில்ல."

நஸ்ரின்தான் பேசினாள்.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. எனக்கும் உங்க பேரு பிடிக்கல. எங்க ஊருப் பேரு வைக்கணும்னுதான் நான் நெனச்சேன். டைரக்டர்தான் உங்க பேரை வைக்கச் சொன்னாரு. இப்ப அவரே இது புது மீனே இல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாரு. எழுதிக் குடுத்தா உங்க பேரு போயிரும், எனக்குப் பட்டம் வந்துரும். ஆனா அது பொய் அய்யா. அந்த மீனு இருக்கு. எலும்பை எண்ணிப் பாத்துட்டு வந்திருக்கோம். எனக்குப் பிடிக்காத பேரைக் காப்பாத்துறதுக்கு, அந்தப் பேருக்காரர்கிட்டயே வந்து சண்டை போடுறேன். என் தலையெழுத்தைப் பாருங்க."

தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்தது. ஆனால் ஆள் கேட்கத் தெரிந்தவர்; அது அரசியல்காரர்களிடம் சில சமயம் உண்டு.

"அந்த மீனு அங்கன போயி என்னத்தா பண்ணுது?"

"ஒளிஞ்சுக்குது அய்யா. பகல்ல எதிரிக்குப் பயந்து உள்ள இருக்கும். இருட்டினப்புறம் வெளிய வந்து இரை தேடும்."

"அட்டைக்கு அதனால கெடுதலா?"

"சில மீனுக உள்ள இருந்துக்கிட்டே அட்டையத் திங்கும். இது அப்படித் திங்காது அய்யா. சும்மா இருக்கும்."

"அட்டைக்கு ஏதாச்சும் நன்மை உண்டா?"

"ஒண்ணும் இல்ல."

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "கட்சியில நானும் இத்தன வருசமா அப்படித்தானத்தா இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராக, நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"பேரை மாத்தவே முடியாதுன்னு டைரக்டர் அழுதாரே, அது நெசமா?"

"நெசம் அய்யா."

"ஆட்சி மாறினா?"

"மாத்த முடியாது."

"என்னைக் கட்சியில இருந்து தூக்கிட்டா?"

"பேரு இருக்கும்."

"நான் செத்துட்டா?"

"அப்பவும் இருக்கும் அய்யா. அந்த மீனே அழிஞ்சு போனாக்கூட, அழிஞ்சு போனது பூவலிங்கமின்னுதான் எழுதுவாங்க."

அவர் என்னிடம் திரும்பினார். "வாத்தியாரே, திருப்பாலைக்குடி போற வழியில ஒரு நிழற்குடை கட்டுனேன். என் பேரு கல்லுல வெட்டியிருந்தது. ஆட்சி மாறினதும் சிமெண்டு வச்சுப் பூசிட்டானுக. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல சுத்துச்சுவரு. அதுலயும் சுண்ணாம்பு. நான் கட்டுன சமுதாயக்கூடத்துல என் பேரை எடுத்துட்டு, அன்னைக்கு அதை எதுத்துப் பேசுனவன் பேரை வச்சிருக்கானுக." எண்ணிக்கொண்டு வந்த விரல்களை மடக்கினார். "அழிக்க முடியாத எடத்துல எனக்குன்னு ஒரு பேரு, இது ஒண்ணுதானா?"

"இது ஒண்ணுதான் அய்யா" என்றாள் நஸ்ரின்.

"அப்ப இருந்துட்டுப் போகட்டும். எங்கன இருந்தா என்ன."

எங்கள் கண் முன்னாலேயே இயக்குநருக்குப் போன் போட்டார். "டைரக்டரே, மீனு மேல கைய வச்சீருன்னா நல்லா இருக்காது. அந்தப் பிள்ளை எண்ணிப் பாத்திருக்கு. நீரு எண்ணிப் பாத்தீரா?" என்றார். மறுமுனையில் இயக்குநர், "நான் அப்பவே சொன்னேன் சார், அறிவியல்ல முன்னால பின்னால கிடையாதுன்னு" என்று சொன்னது அந்த அறை முழுவதும் கேட்டது. நஸ்ரினின் ஆய்வேட்டில் அன்று சாயங்காலமே கையெழுத்து விழுந்தது.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. எனக்கு ஆலோசகர் பதவி கிடைக்கவில்லை; மைத்துனருக்கு அதில் மிகுந்த சந்தோஷம். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது. பூவலிங்கம் வாரியத்திலிருந்து போனார். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களே, இந்தக் கட்டடத்தின் வாசல் கல்வெட்டில் அவர் பெயர் இருந்த இடத்தைப் போய்த் தடவிப் பாருங்கள். சிமெண்டு இன்னும் வழவழவென்று இருக்கும். உள்ளே மாதிரிகள் இருக்கும் அறைக்குப் போனால் ஒரு புட்டியில் அந்த மீன் கிடக்கிறது. சீட்டில் பூவலிங்கமி என்றே இருக்கிறது. போன வருடம்கூடத் தலைவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

அண்மையில் நஸ்ரினிடமிருந்து போன் வந்தது. இப்போது அவள் வேறோர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி.

"சார், ஒரு புது ஒட்டுண்ணி கிடைச்சிருக்கு. ரொம்ப அழகா இருக்கு. உங்க பேரு வைக்கலாம்னு இருக்கேன்."

நான் பட்ட அனுபவத்துக்கு முதலில் என்ன கேட்டிருப்பேன்?

"எங்கன இருக்கு?"

அவள் சிரிப்பை அடக்குவது போனிலேயே கேட்டது.

"பூவலிங்கமியோட செவுளுக்குள்ள சார்."

அதாவது அட்டையின் பின்பக்கத்துக்குள் தலைவர், தலைவருக்குள் நான். யோசித்துப் பார்த்தேன். அரசு வேலையில் சேர்ந்த நாள் முதல் என் முகவரி கிட்டத்தட்ட அதுதான். "எண்ணிப் பாத்தியா?" என்று கேட்டேன். "எண்ணிட்டேன் சார், புதுசுதான்" என்றாள். "அப்ப வை" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. படம் வந்ததும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறேன்.

போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று ஞாபகம் வந்து கேட்டேன்.

"ஏம்மா, உங்க ஊருப் பேரு வைக்கணும்னு அவ்வளவு ஆசைப்பட்டியே. இதுக்கு வச்சிருக்கலாமே?"

"அது எப்படி சார்?" என்றாள் நஸ்ரின். "எங்க ஊருப் பேரை நல்ல எடத்துல இருக்குற ஒண்ணுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."